ஹூப்மயர் இரத்தசாட்சியா, பல்டி அடிச்சவரா?

கேள்வி:
அனபாப்டிஸ்ட் (16ஆம் நூற்றாண்டுல குழந்தை ஞானஸ்நானத்தை ஏத்துக்காம, பெரியவங்களானப்புறம் மறுபடி ஞானஸ்நானம் எடுத்தவங்க) இரத்தசாட்சிகள்னு ஒரு பட்டியல் வாட்ஸப்ல வந்துச்சு. அதுல பால்தசார் ஹூப்மயர்னு ஒரு பேரு. தேடிப் பார்த்தா ஆளு சூரிச்ல ரெண்டு தடவை பின்வாங்கியிருக்கார், அதுக்கு முன்னாடி ஒரு ஊர்ல யூதர்களை விரட்டுனதுல இவருக்குப் பங்கு இருக்கு, போதாததுக்கு அரசாங்கம் வாள் எடுக்கறது தப்பில்லன்னு ஒரு புத்தகமே எழுதியிருக்கார். கடைசியில எரிச்சாங்கங்கற ஒரே காரணத்துக்காக இவரையும் அந்த லிஸ்ட்ல வச்சுரலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிப்ரவரி 3, இரவு

வைக்கலாம். ஆனா நீங்க சொன்ன மூணுமே கிட்டத்தட்ட உண்மைதான். நீங்க அடுக்கின வரிசைதான் எனக்கு ஒத்து வரல. பின்வாங்கினதை முதல்ல போட்டிருக்கீங்க, என்னைக் கேட்டா அதுதான் இருக்கறதுலயே சின்ன விஷயம், யூதர் விவகாரம்தான் பெருசு. வாள் பத்தினது இவருக்கும் மத்த அனபாப்டிஸ்ட்களுக்கும் நடுவுல நடந்த பங்காளிச் சண்டை, அதைத் தனியா பேசணும். நாளைக்கு எழுதறேன், இப்ப கரண்ட் வேற போகுது வருது.

பிப்ரவரி 4

சரி, ஆள் யாருன்னு முதல்ல. ஊர் ஃப்ரீட்பர்க், ஆக்ஸ்பர்க் பக்கத்துல. ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்துல படிச்சார், வாத்தியார் யாருன்னா யோஹான் எக், பின்னாடி 1519ல லைப்சிக்ல லூத்தரோட மோதுன அதே எக். வாத்தியார் பின்னாடியே இங்கோல்ஷ்டாட் போயி 1512ல இறையியல்ல டாக்டர் பட்டம் வாங்கறார். 1516ல ரேகன்ஸ்பர்க் கதீட்ரல்ல பிரசங்கியார். அந்தக் காலத்துல அது சாதாரண வேலை இல்ல. நல்ல வாய், கூட்டம் சேரும். எரிஞ்சு செத்தவங்கன்னதும் நமக்கு ஏதோ படிக்காத ஏழை நெசவாளி, செருப்புத் தைக்கிறவர்னு ஒரு படம் வருது, அப்படியும் நிறைய பேர் இருந்தாங்க, ஆனா இவர் டாக்டர் ஹூப்மயர். தன் புத்தகத்துல எல்லாம் டாக்டர்னு மறக்காம போட்டுக்குவார். நம்ம ஊர் ஆளுங்க மாதிரியே.

பிப்ரவரி 4, கொஞ்சம் கழிச்சு

ரேகன்ஸ்பர்க் விஷயத்தை தள்ளிப் போட மனசு வரல, இப்பவே எழுதிடறேன்.

அந்த ஊர் யூதர்கள் பேரரசரோட பாதுகாப்புல இருந்தவங்க. நகர சபைக்கு அவங்க மேல ரொம்ப நாளா கண்ணு. வட்டி, கடன், வியாபாரப் போட்டின்னு அடுக்கடுக்கா புகார். ஹூப்மயர் பிரசங்க பீடத்துல ஏறி வட்டியையும் யூதர்களையும் வருஷக்கணக்கா திட்டித் தீர்த்தார். 1519 ஜனவரி 12 பேரரசர் மாக்சிமிலியன் செத்துப் போறார், அடுத்தவர் வர்றதுக்குள்ள, அதாவது கேக்க ஆள் இல்லாத அந்த இடைவெளியில, பிப்ரவரியில சபை முடிவு எடுத்து சுமார் 500 பேரை வெளிய போகச் சொல்லிட்டாங்க. கடுங்குளிர். ஜெப ஆலயத்தை இடிச்சுத் தள்ளினாங்க. கல்லறைக் கற்களை ஆயிரக்கணக்குல பிடுங்கி வீடு கட்ட எடுத்துக்கிட்டாங்க, எபிரேய எழுத்தோட அந்தக் கல்லு சிலது இன்னைக்கும் அந்த ஊர் சுவத்துல பதிஞ்சு நிக்குது.

இதுல ஒரு விஷயம் என்னை விடவே மாட்டேங்குது. ஆல்ப்ரெக்ட் ஆல்ட்டார்ஃபர்னு பெரிய ஓவியர், அந்த நகர சபையில இவரும் ஒரு உறுப்பினர். இடிக்கறதுக்கு முன்னாடி உள்ள போயி அந்த ஜெப ஆலயத்தை ரெண்டு படமா செதுக்கி வச்சிருக்கார். தூண், வளைவு, வாசல்ல நிக்கற ஆளுங்க, எல்லாம் அவ்வளவு பொறுமையா. இடிக்கணும்னு முடிவு எடுத்த சபையிலயும் இவர் இருக்கார், இதையும் வரையறார். அந்தக் கட்டடம் எப்படி இருந்துச்சுன்னு நமக்குத் தெரியறதே அவராலதான்.

இடிக்கும்போது ஒரு கொத்தனார் கீழ விழுந்து நசுங்கிட்டார், செத்துருவார்னு நினைச்சா மறுநாள் எழுந்து நடந்து வந்துட்டார். உடனே மாதா அற்புதம்னு ஆகிப் போச்சு. அதே இடத்துல 'அழகிய மரியாள்'னு மரத்துல அவசர அவசரமா ஒரு சிற்றாலயம். பல்லாயிரம் பேர் நடந்து வந்தாங்க, கையில வச்சிருந்த வேலையை அப்படியே போட்டுட்டு வயல்ல இருந்து கிளம்பி வந்தவங்க உண்டு, சிலை முன்னாடி விழுந்து புரண்டாங்க. அந்த ஆலயத்துக்கு முதல் பிரசங்கியார் யாரு? நம்ம டாக்டர்தான். அற்புதங்களைப் பட்டியல் போட்டு அறிவிச்சதும் அவர்தான்.

பிப்ரவரி 6

மேல ஒருத்தர் 'அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்க, இப்ப இருக்கற அளவுகோல் வச்சு பாக்காதீங்க'ன்னு எழுதியிருக்கார். இந்த வாதத்தை நான் ரொம்ப தடவை கேட்டாச்சு. சரி, இப்பத்திய அளவுகோல் வேண்டாம், அவரோட அளவுகோலையே எடுத்துக்கலாம்.

1524ல அவர் ஷாஃப்ஹவுசன்ல ஒளிஞ்சிருக்கும்போது சின்னதா ஒண்ணு எழுதறார், 'மதபேதிகளும் அவர்களை எரிப்பவர்களும்' அப்படிங்கற தலைப்புல. மொத்தம் 36 குறிப்பு, சில பக்கம்தான். மதபேதிகளை எரிக்கறவங்கதான் எல்லாரையும் விட பெரிய மதபேதிகள், ஏன்னா அறுப்புக் காலம் வர்றதுக்கு முன்னாடியே கோதுமையையும் களையையும் சேத்துப் பிடுங்கறாங்கன்னு சொல்றார். மத்தேயு 13, 'அறுப்புமட்டும் இரண்டையும் வளரவிடுங்கள்'. அதோட நிக்கல. துருக்கியனையோ மதபேதியையோ வாளாலயோ நெருப்பாலயோ ஜெயிக்க முடியாது, பொறுமையாலயும் ஜெபத்தாலயும்தான் முடியும்ங்கறார். ஒருத்தன் சுவிசேஷமே வேண்டாம்னு போறான், யாருக்கும் கெடுதல் பண்ணல, அவன் மேல கை வைக்க யாருக்கும் உரிமை இல்லைங்கறார். கொலைகாரன், திருடன் இவங்களைத்தான் அரசாங்கம் தண்டிக்கலாம். 1524ல துருக்கி படை பெல்கிரேடைப் பிடிச்சு மூணு வருஷம்தான் ஆகுது, ஐரோப்பா முழுக்க துருக்கியன்னா பேய் மாதிரி பயம், அப்ப இதை எழுதணும்னா தைரியம் வேணும்.

ஆக அந்தக் காலத்துலயே ஒரு மனுஷனால இப்படி யோசிக்க முடிஞ்சிருக்கு, அதுவும் இதே மனுஷனால. அதனாலதான் 1519 இன்னும் மோசமா தெரியுது எனக்கு.

பிப்ரவரி 6, தொடர்ச்சி

இல்ல, இதையும் சொல்லிடணும். 1519ல விரட்டினவர், 1524ல தானே விரட்டப்பட்டு ஒளிஞ்சிருந்து எழுதறார். ஆஸ்திரியாக்காரன் தேடறான், ஷாஃப்ஹவுசன் சபை ஒப்படைச்சா முடிஞ்சது கதை. அப்பத்தான் இந்த ஞானம் வருது. தன் கழுத்துக்குக் கத்தி வந்தப்புறம் வந்த ஞானம்தானேன்னு முந்தி எனக்கு ஒரு இளக்காரம் இருந்துச்சு. இப்ப அவ்வளவா இல்ல. கத்தி வந்தப்புறமும் வராதவங்க எத்தனை பேர். சூரிச் சீர்திருத்தத் தலைவர் ஸ்விங்லிக்கு வரலையே.

பிப்ரவரி 9

சரி, பின்வாங்கின கதை. இதை விவரமா சொன்னாத்தான் புரியும்.

1521ல வால்ட்ஷூட்ங்கற சின்ன ஊருக்குப் பாதிரியாரா போறார், ரைன் ஓரம், அந்தப் பக்கம் சுவிஸ், இந்தப் பக்கம் ஆஸ்திரியாவோட ஆட்சி. ஸ்விங்லியோட பழக்கம் ஆகுது. 1523ல மே 1 வாக்குல ரெண்டு பேரும் சூரிச் தெருவுல நடந்துக்கிட்டே பேசும்போது, விசுவாசம்னா என்னன்னு சொல்லிக் குடுக்கறதுக்கு முன்னாடி குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் குடுக்கக் கூடாதுன்னு ஸ்விங்லியும் ஒத்துக்கிட்டார்ங்கறது ஹூப்மயர் கட்சி. அப்படி நான் சொன்ன அர்த்தம் வேறங்கறது ஸ்விங்லி கட்சி. வாக்கிங் போகும்போது பேசினதை எல்லாம் நம்பி இயக்கம் ஆரம்பிச்சா இப்படித்தான்.

1525 ஜனவரியில எல்ஸ்பெத் ஹூக்லினேங்கற பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கறார். அதே மாசம் 21ஆம் தேதி சூரிச்ல கிரேபெல்ங்கறவர் பிளவ்ராக்ங்கறவருக்கு, பெரியவங்களுக்கான முதல் ஞானஸ்நானம் குடுக்கறார். ஈஸ்டர் சமயத்துல வில்ஹெல்ம் ரொய்ப்ளின்ங்கற அனபாப்டிஸ்ட் பிரசங்கியார் வால்ட்ஷூட்டுக்கு வந்து ஹூப்மயருக்கும் இன்னும் சுமார் 60 பேருக்கும் குடுக்கறார். அதுக்கப்புறம் ஹூப்மயரே ஊர்ல 300 பேருக்கு மேல குடுக்கறார். எப்படின்னா, ஊர்க் கிணத்துத் தண்ணியை ஒரு பால் வாளியில பிடிச்சு வச்சுக்கிட்டு. பால் வாளியை மறக்காதீங்க, அப்புறம் வர்றேன் அதுக்கு.

டிசம்பர் 5 ஆஸ்திரியப் படை ஊரைப் பிடிக்குது. ஆளு உடம்பு சரியில்லாம பொண்டாட்டியோட சூரிச்சுக்கு ஓடறார். ஓடி ஒளிஞ்ச இடம், ஞானஸ்நானம் புத்தகம் எழுதி ஸ்விங்லியை வம்புக்கு இழுத்த அதே வருஷத்துல ஸ்விங்லியோட ஊரு. வேற வழி இல்ல போல. பிடிச்சுட்டாங்க. ஒரு வாதம் நடக்குது. எழுதிக் குடு, சபையில வாசின்னாங்க. சரின்னார்.

ஃப்ராவ்மூன்ஸ்டர் ஆலயத்துல ஸ்விங்லி பிரசங்கம் முடிச்சதும் இவர் ஏறி வாசிக்கணும். ஏறினார். ராத்திரி பூரா நான் பட்ட வேதனை கொஞ்சநஞ்சமில்ல, என்னால பின்வாங்க முடியாது, பின்வாங்கவும் மாட்டேன்னு சொல்லி, வயசு வந்து விசுவாசிச்சவங்களுக்குத்தான் ஞானஸ்நானம்னு அங்கயே ஆரம்பிச்சுட்டார். ஸ்விங்லி எந்திரிச்சு நிறுத்தறார், கூட்டத்துல சலசலப்பு, ஆளை இழுத்துட்டுப் போயி வெல்லன்பர்க் கோபுரத்துல போடறாங்க. அது லிம்மாட் ஆத்துக்கு நடுவுல இருந்த ஜெயில்.

அதனால 'ரெண்டு தடவை பின்வாங்கினார்'ங்கறது முழுசா சரியில்ல. முதல் தடவை பின்வாங்க ஒத்துக்கிட்டு மேடையில மாத்திப் பேசிட்டார். ரெண்டாவதுதான் நிஜம், 1526 ஏப்ரல். அதுக்கு நடுவுல என்ன நடந்துச்சு? சித்திரவதை. உடம்பைக் கட்டி இழுக்கற வகை. அந்த மாசங்கள்லதான், மார்ச் 7, இனிமே மறுபடி ஞானஸ்நானம் குடுத்தா தண்ணியில மூழ்கடிச்சுக் கொல்லப்படும்னு சூரிச் ஆணை வருது. ஜன்னலுக்கு வெளிய அதே ஆறு ஓடுது.

பிப்ரவரி 9, ராத்திரி

அந்தக் கோபுரத்துல இருந்தப்ப விசுவாசப் பிரமாணத்தையே ஜெபமா விரிச்சு 12 பகுதியா எழுதியிருக்கார். கடைசிப் பகுதியை நான் சுருக்கி சொல்றேன், வார்த்தைக்கு வார்த்தை இல்ல: ஆண்டவரே இதுதான் என் விசுவாசம், என்னை இதுல காத்துக்கும், ஒருவேளை மனுஷ பயத்தால, கொடுமையால, வாளாலயோ நெருப்பாலயோ தண்ணியாலயோ நான் இதுல இருந்து தள்ளப்பட்டா, திரும்ப என்னைத் தூக்கி நிறுத்தும், இந்த விசுவாசம் இல்லாம என்னைச் சாக விடாதேயும்.

விழப் போறோம்னு தெரிஞ்சே எழுதினது. 'நான் விழ மாட்டேன்'னு பேதுரு மாதிரி சவடால் விடல. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குப் பல்டிங்கற வார்த்தை மேலயே எரிச்சல் வந்துருச்சு. தலைப்புல வேற அதைப் போட்டு வச்சிருக்கீங்க.

பிப்ரவரி 13

'பால் வாளி என்னாச்சு'ன்னு ரெண்டு பேர் கேட்டாச்சு.

எங்க வீடு சிஎஸ்ஐ, திருநெல்வேலிப் பக்கம். குழந்தையில தெளிப்பு, பெரியவனானதும் திடப்படுத்தல், நல்ல நாளுக்குக் கோயில், இப்படி ஓடிக்கிட்டிருந்த குடும்பம். எங்க சித்தப்பா ஒருத்தர் பெந்தெகொஸ்தே கூட்டத்துக்குப் போயி தாமிரபரணியில முழுக்கு எடுத்துட்டார். எங்க ஆச்சிக்கு அழுகைன்னா அழுகை, 'அப்ப நான் உனக்குக் குடுத்தது என்ன வெறும் தண்ணியா'ன்னு. சபைக் கமிட்டியில பேரை எடுக்கணும்னு பேச்சு வந்துச்சு, கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாதுன்னு ஒரு பெரியவர் முடிவே பண்ணிட்டார், சித்தப்பாவுக்கு அப்ப நாப்பது வயசு கூட இல்ல. கொஞ்ச நாள்ல அடங்கிருச்சு. ஆனா எனக்கு அனபாப்டிஸ்ட்னு ஒரு கூட்டம் இருந்ததே அந்தச் சண்டையிலதான் தெரியும், சித்தப்பாதான் சொன்னார்: எங்களுக்காக 500 வருஷத்துக்கு முன்னாடியே செத்திருக்காங்கடா, முழுக்குக்காகத் தண்ணியில முக்கியே கொன்னிருக்காங்கன்னு.

இப்ப பால் வாளி. 300 பேருக்கு ஒரு வாளித் தண்ணி. முழுக்காட்ட முடியாது, தலையில ஊத்தத்தான் முடியும். சூரிச்ல முதல் ஞானஸ்நானமும் ஒரு வீட்டுக்குள்ள, ஃபெலிக்ஸ் மான்ஸ்ங்கற இன்னொரு சூரிச் அனபாப்டிஸ்டோட அம்மா வீட்ல, ராத்திரியில நடந்தது. அவங்களுக்கு எவ்வளவு தண்ணிங்கறது பிரச்சினையே இல்ல, யாருக்கு, எப்பங்கறதுதான் பிரச்சினை. தன் வாயால கேக்கணும், ஏன்னு தெரிஞ்சு கேக்கணும், அவ்வளவுதான். ரைன் ஆத்துலயே இறங்கி முழுகினவங்களும் அந்த வட்டாரத்துல உண்டு, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் அதைக் கேட்டு சண்டை போட்டுக்கல.

இதை சித்தப்பாவுக்கு விளக்கமா அனுப்பினேன். ப்ளூ டிக் வந்துச்சு. பதில் வரல.

பிப்ரவரி 14

ஒரு சின்ன இணைப்பு, லூத்தரன் நண்பர் ஒருத்தர் கேட்டதால. ஆமா, 1530 ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில அனபாப்டிஸ்ட்களைப் பேர் சொல்லியே கண்டனம் பண்ணியிருக்கு, ஞானஸ்நானம் பத்தின 9ஆம் பிரிவுலயும் இருக்கு, வேற இடத்துலயும் இருக்கு. நம்ம தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அந்த அறிக்கை வழிதான். 2010ல ஷ்டுட்கார்ட்ல லூத்தரன் உலக சம்மேளனம் கூடி, அனபாப்டிஸ்ட் வழி வந்த மெனோனைட்களிடம் முறைப்படி மன்னிப்பு கேட்டாங்க. சூரிச் சீர்திருத்த சபையும் 2004ல பண்ணிச்சு, லிம்மாட் கரையில ஒரு கல் பதிச்சாங்க, ஃபெலிக்ஸ் மான்ஸ் பேரோட.

பிப்ரவரி 17

ஃபெலிக்ஸ் மான்ஸ் சாவைப் பத்தி விவரம் கேட்டிருக்காங்க. 1527 ஜனவரி 5. மீன் சந்தைப் பக்கம் படகுல ஏத்தி, கையைக் கட்டி முழங்காலுக்குக் கீழ இறக்கி, முழங்காலுக்கும் கைக்கும் நடுவுல ஒரு கம்பைச் செருகித் தண்ணிக்குள்ள தள்ளினாங்க. அம்மாவும் தம்பியும் கரையில நின்னு உறுதியா இருன்னு கத்தறாங்க. அவர் லத்தீன்ல 'ஆண்டவரே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்'னு பாடினார். அதே நாள் பிளவ்ராக்கை, வெளியூர்க்காரர்ங்கறதால, சட்டையை உரிச்சு அடிச்சே ஊருக்கு வெளிய தள்ளினாங்க. ஹூப்மயர் அப்ப எங்க? சூரிச்ல இருந்து வெளிய வந்து, மொராவியாவுல இருக்கற நிக்கோல்ஸ்பர்க்ல, நல்லா சௌகரியமா.

தண்ணியில முக்கினதுக்கு ஏன் அரசாங்கம் கொல்லணும்னு என் பையன் கேட்டான். பத்தாவது படிக்கறான், நான் எழுதறதை எட்டிப் பாக்கறான். அவனுக்கு சொன்னதை இங்கயும் சொல்றேன். அப்ப பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம்ங்கறது சபையில மட்டும் சேக்கறது இல்ல, ஊர்ல சேக்கறது. ஊரும் சபையும் ஒண்ணு. வரி, சத்தியப் பிரமாணம், காவல், படை எல்லாம் அதுக்கு மேலதான் நிக்குது. 'நான் பெரியவனாகி சேரலாமா வேண்டாமான்னு முடிவு பண்றேன்'னு ஒருத்தன் சொன்னா ஊரே கழண்டுரும்னு பயந்தாங்க. போதாததுக்கு நிறைய அனபாப்டிஸ்ட்கள் சத்தியம் பண்ண மாட்டேன், ஆயுதம் தூக்க மாட்டேன்னும் சொன்னாங்க. 1529ல ஷ்பையர்ல கூடின பேரரசு மன்றம், மறு ஞானஸ்நானத்துக்கு மரணம்னு சட்டமே போட்டுச்சு, அதுல மட்டும் கத்தோலிக்கர்களும் லூத்தர் பக்கமும் ஒத்துப் போனாங்க.

பிப்ரவரி 18

வாள் விஷயம். கேள்வி கேட்டவர் நினைக்கற மாதிரி இவர் ஒருத்தர் மட்டும் விதிவிலக்கு இல்ல, ஆரம்பத்துல எல்லாமே குழம்பித்தான் இருந்துச்சு. 1527 பிப்ரவரி 24 ஷ்லைத்ஹைம்ல மிக்கேல் ஸாட்லர்ங்கற அனபாப்டிஸ்ட் தலைமையில 7 பிரிவுல ஒரு அறிக்கை எழுதினாங்க, வாள் கிறிஸ்துவோட பூரணத்துக்கு வெளிய இருக்கற விஷயம், விசுவாசி நீதிபதியாகக் கூடாதுன்னு. மே மாசம் ஸாட்லரை ரோட்டன்பர்க்ல நாக்கை அறுத்து எரிச்சாங்க, அவர் மனைவி மார்கரெத்தாவை நெக்கர் ஆத்துல மூழ்கடிச்சாங்க. ஜூன்ல ஹூப்மயரோட 'வாள் பற்றி' வெளிய வருது, அதிகாரியும் கிறிஸ்தவனா இருக்கலாம், இருக்கறது நல்லதுன்னு. ரத்தம் காயறதுக்குள்ள.

ஆனா அவர் இருந்த இடத்தைப் பாருங்க. வால்ட்ஷூட்ல நகர சபையோட சேர்ந்து சீர்திருத்தம் பண்ணினவர். நிக்கோல்ஸ்பர்க்ல, இன்னைக்கு செக் நாட்டு மிக்குலோவ், ஊர்ப் பிரபு லியோன்ஹார்ட் ஃபான் லிக்டென்ஷ்டைன் அவர்கிட்டயே ஞானஸ்நானம் எடுத்துட்டார். பிரபுகிட்ட போயி உங்க வேலையே பாவம்னு சொல்ல முடியுமா? சௌகரியத்துக்கு எழுதினார்னும் சொல்லலாம், அவர் நிஜமாவே நம்பினார்னும் சொல்லலாம், நான் ரெண்டாவது பக்கம். வால்ட்ஷூட்லயும் அவர் இதைத்தான் நம்பினார், அப்ப அது அவருக்கு லாபம் எதுவும் தரல.

ஹான்ஸ் ஹூட்னு ஒருத்தர் வேற அங்க வந்து 1528 பெந்தெகொஸ்தே நாள்ல உலகம் முடியப் போகுதுன்னு சொல்லிக்கிட்டிருந்தார். கோட்டையில வச்சு வாதம் நடந்துச்சு. ஹூட்டைப் பிடிச்சு அடைச்சாங்க, அவர் ஜன்னல் வழியா தப்பிச்சுட்டார். மதபேதியை அடைக்கக் கூடாதுன்னு எழுதினவர் இருக்கற ஊர்ல ஒரு பிரசங்கியை அடைச்சதை நீங்களே பாத்துக்கோங்க.

வாள் கட்சி, வாளே கூடாதுங்கற கோல் கட்சின்னு சபை ரெண்டாச்சு. கோல் கட்சிக்காரங்க 1528ல நிக்கோல்ஸ்பர்க்கை விட்டு வெளியேறினாங்க, வழியில தரையில ஒரு மேலாடையை விரிச்சு, கையில இருந்த காசு பணத்தை எல்லாரும் அதுல போட்டுப் பொதுவாக்கினாங்க. ஹட்டரைட்கள்னு இன்னைக்கும் கனடாவுலயும் அமெரிக்காவுலயும் பொதுச் சொத்தோட வாழறாங்களே, அவங்க வேர் இதுதான். வாள் கட்சி காணாமப் போச்சு. ஹூப்மயருக்குன்னு ஒரு சபை மிஞ்சாததுக்குக் காரணம் இது. ஞாபகம் வச்சுக்க ஆள் இல்ல.

பிப்ரவரி 18, சேர்க்கை

ஆனா எதிரிகள் மறக்கல. 1564ல ரோம் வெளியிட்ட தடைப் புத்தகப் பட்டியலோட விதிகள்ல பெரிய மதபேதத் தலைவர்கள்னு 5 பேர் சொல்லியிருக்கு: லூத்தர், ஸ்விங்லி, கால்வின், ஷ்வெங்க்ஃபெல்ட், அப்புறம் பால்தசார், இவரேதான். லூத்தர் பக்கத்துல நிக்க வச்சிருக்காங்க. நம்ம வாட்ஸப் பட்டியலைவிட அது நல்ல பட்டியல்.

பிப்ரவரி 22

நிக்கோல்ஸ்பர்க் ஏன் பாதுகாப்பா இருந்துச்சு, ஏன் அப்புறம் இல்லைன்னு கேட்டாங்க. மொராவியா அப்ப ஹங்கேரி ராஜா ரெண்டாம் லூயியோட ஆட்சியில, உள்ளூர்ப் பிரபுக்கள் வச்சதுதான் சட்டம். 1526 ஜூலை வாக்குல ஹூப்மயர் அங்க போய்ச் சேர்றார். ஆகஸ்ட் 29 மொஹாச் போர், சுலைமான் படைகிட்ட தோத்து லூயி சாகறார். வாரிசு இல்ல. ஆட்சி யார் கைக்குப் போகுது? மச்சான் ஃபெர்டினாண்ட், ஆஸ்திரியா. வால்ட்ஷூட்ல இருந்து யாருக்குப் பயந்து ஓடி வந்தாரோ அவரேதான். வந்து பெட்டியைப் பிரிச்சு வைக்கறதுக்குள்ள.

ஆனா கிடைச்ச ஒரு வருஷத்தை வீணாக்கல. ஸிம்ப்ரெக்ட் ஸோர்க்னு ஒரு அச்சுக்காரர் கூட இருந்தார், 17 புத்தகம் போல வெளிய வந்துச்சு. 'உண்மை சாகாது'ன்னு ஒரு வரி புத்தகத்துக்குப் புத்தகம் வரும், அவரோட முத்திரை அது. ஸ்விங்லிக்கு எழுதின பதில்ல சூரிச் ஜெயிலைக் கிழிச்சிருக்கார்: ஆண்கள், விதவைகள், பிள்ளைத்தாய்ச்சிகள், சின்னப் பொண்ணுங்கன்னு 20 பேருக்கு மேல இருட்டுக் கோபுரத்துல, சூரியனும் சந்திரனும் பாக்காம, ரொட்டியும் தண்ணியும் மட்டும். இன்னொரு புத்தகத்துல, நான் மனுஷன், தப்பா நினைக்கலாம், ஆனா மதபேதி ஆக முடியாது, ஏன்னா வேதத்தைக் காட்டித் திருத்துங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்னு எழுதறார். கொஞ்சம் வக்கீல்தனமான வாதம்தான். இருந்தாலும் எனக்குப் பிடிக்கும்.

பிப்ரவரி 23

கடைசிக் கட்டம். 1527 ஜூலையில ஹூப்மயரை வியன்னாவுல ஒப்படைக்கறாங்க. அப்புறம் க்ரொய்சன்ஷ்டைன் கோட்டை. தன்னோட பழைய ஃப்ரைபர்க் சிநேகிதன் யோஹான் ஃபாபரைப் பாக்கணும்னு அவரே கேக்கறார். ஃபாபர் அப்ப ஃபெர்டினாண்டோட ஆள். வருஷக் கடைசியில வந்து நாள்கணக்கா பேசறாங்க. 1528 ஜனவரி 3ஆம் தேதி தேதி போட்டு ராஜாவுக்கு ஒரு கணக்கொப்புவிப்பு எழுதறார். நிறைய விஷயத்துல இறங்கி வர்றார். ஞானஸ்நானம், திருவிருந்து ரெண்டுல மட்டும் இறங்கல, திருச்சபையோட பொதுச் சங்கம் கூடற வரைக்கும் இதைப் பத்திப் பேசாம இருக்கேன்னார், அவ்வளவுதான். போதாதுன்னுட்டாங்க. மறுபடி சித்திரவதை. இந்தத் தடவை விடல அவர்.

மார்ச் 10 வியன்னாவுல எரிச்சாங்க. தாடியிலயும் தலைமுடியிலயும் கந்தகமும் வெடிமருந்தும் தேய்ச்சாங்க. 'நல்லா உப்புப் போடுங்க, நல்லா போடுங்க'ன்னாராம். பாத்து எழுதி வச்சவர் வியன்னா பல்கலைக்கழகத்து ஆள், அவர் பக்கத்து ஆள் இல்ல, அதனால நான் இதை நம்பறேன்.

எல்ஸ்பெத் கூட்டத்துல நின்னு தைரியமா இருங்கன்னு சொன்னாங்க. மூணு நாள் கழிச்சு கழுத்துல கல்லைக் கட்டி டான்யூப் பாலத்துல இருந்து தள்ளினாங்க. கல்யாணம் ஆகி மூணு வருஷம், அதுல வால்ட்ஷூட் முற்றுகை, ஓட்டம், புருஷன் ஜெயில், மறுபடி ஓட்டம், மறுபடி ஜெயில். அவங்க எங்கயும் பின்வாங்கல. கேள்வி கேட்டவருக்கு வந்த பட்டியல்ல எல்ஸ்பெத் பேர் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா ஹூப்மயருக்கு மேல எழுதுங்க.

மார்ச் 1

'அப்ப ரேகன்ஸ்பர்க்கை மன்னிச்சுட்டீங்களா'ன்னு கேட்டிருக்கீங்க. மன்னிக்க நான் யாரு, அந்த 500 பேர்ல ஒருத்தரா? அந்த இடம் இன்னைக்கு நோய்ஃபார்ப்ளாட்ஸ்னு ஒரு சதுக்கம். 1990கள்ல தோண்டினப்ப யூதர் குடியிருப்போட அஸ்திவாரம் எல்லாம் கிடைச்சுது, 2005ல ஜெப ஆலயத்தோட தரை அமைப்பை வெள்ளைக் கல்லுல மேடை மாதிரி கட்டி வச்சிருக்காங்க, தானி காரவான்ங்கற இஸ்ரேல் சிற்பி பண்ணினது. பசங்க அதுல உக்காந்து ஐஸ்க்ரீம் சாப்பிடற ஃபோட்டோ பாத்திருக்கேன். ஹூப்மயரைப் பத்தி எழுதறவங்க அந்த சதுக்கத்துல ஆரம்பிக்கணும்ங்கறது என் கருத்து. பெரும்பாலும் வால்ட்ஷூட்ல ஆரம்பிச்சுடறாங்க.

மார்ச் 2

கடைசியா வந்த கமெண்டுக்கு மட்டும். ஜெர்மன் விவசாயிகளோட '12 கோரிக்கைகள்' இவர் எழுதினது இல்ல. அது 1525ல மெம்மிங்கன்ல உருவானது, ஸெபாஸ்டியன் லோட்சர், கிறிஸ்டோஃப் ஷாப்பெலர் பேர்ல. ஹூப்மயருக்கு விவசாயிகளோட தொடர்பு இருந்துச்சு, வால்ட்ஷூட்டே அவங்களோட கூட்டு வச்ச ஊர்தான், வியன்னாவுல மதபேதத்தோட கலகக் குற்றமும் சேத்துத்தான் போட்டாங்க. இவர் எழுதினது கோபுரத்து ஜெபம். அதுவும் 12 பகுதி. தேடும்போது மாத்திப் பிடிச்சுராதீங்க.